எம்ஆர்ஐயா, நரம்பு மின்சோதனையா? கை மரத்துப்போனால் எதை முதலில் செய்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நரம்பு மின்சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டி, அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை இது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இங்கேயே நான்கைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்தார் வருகிறார்கள், கோயில் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களும் வருகிறார்கள். கை மரக்கிறது, கால் எரிகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேர், கழுத்துக்கோ இடுப்புக்கோ எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை வரும்போதே கையில் வைத்திருப்பார்கள். "மூணு இடத்துல டிஸ்க் பிதுங்கியிருக்காம். அப்புறம் எதுக்குங்க இந்த ஷாக் டெஸ்ட்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை எம்ஆர்ஐக்குக் காசு கட்டும் முன்னால் கேட்டிருக்கலாம்.

என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கை, கால் மரப்புக்கு, மருத்துவர் உடலைப் பரிசோதித்த பிறகு, பெரும்பாலானோர் முதலில் செய்ய வேண்டியது ரத்தச் சோதனை. அடுத்தது நரம்பு மின்சோதனை. எம்ஆர்ஐ அதற்கும் பிறகு, அதுவும் தேவைப்பட்டால். தசை பலவீனத்துக்கு வரிசை வேறு. சில நிலைமைகளில் வரிசையே கிடையாது, நேராக எமர்ஜென்சிதான்.

அந்த எமர்ஜென்சியை முதலில் முடித்துவிடலாம். சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமலே போனாலோ, இரண்டு தொடைகளுக்கும் நடுவில், ஆசனவாயைச் சுற்றி உணர்வு இல்லாமல் போனாலோ, கூடவே கால் பலவீனமும் வந்தாலோ அன்றைக்கே எம்ஆர்ஐ வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். இன்னொன்று, காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களிலேயே தொடை, கை என்று மேலே ஏறுவது. அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம், மூச்சு விடும் தசை வரைக்கும் போகும். அந்த நோயில் முதல் வாரத்தில் எங்கள் மின்சோதனையும் சரியாக இருக்கலாம், முதுகில் எடுக்கும் நீரும் சரியாக இருக்கலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

மெஷினுக்கு முன்னால்

மற்ற எல்லோருக்கும் முதல் சோதனை கிளினிக்கிலேயே நடக்கும் உடல் பரிசோதனைதான். சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்ப்பது, அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைப்பது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவது, குதிகாலால் நடக்கச் சொல்வது. கோளாறு தண்டுவடத்திலா, அதிலிருந்து நரம்பு கிளம்பும் வேரிலா, நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் இடத்திலா, தசையிலா என்று இதை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அந்த ஊகம் எதுவும் இல்லாமல் "நரம்பு எல்லாவற்றையும் பார்க்கவும்" என்று எழுதிய கடிதங்களும் எங்களுக்கு வரும். உருப்படியான விடை கிடைக்காமல் போவது அந்தச் சோதனைகளில்தான் அதிகம். "டாக்டர், எதைச் சந்தேகப்படுறீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ரத்தம். நம் குடும்பங்களில் சுகர் எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, சிறுநீரகம், பி12 ஆகியவை அடிப்படை. இதில் பி12-ஐ மறந்துவிடுகிறார்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் உடலில் பி12 குறையும். புரட்டாசி விரதம், காவடி விரதம் என்று இல்லாமல் ஆண்டு முழுக்கவே சைவமாக இருப்பவர்களுக்கு உணவிலும் அது குறைவு. இரண்டும் சேர்ந்த ஒருவருக்குக் கால் மரத்தால் "சுகர்தான், வேறென்ன" என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைவு தண்டுவடத்தையும் தாக்கும். காலத்தோடு கண்டுபிடித்தால் ஊசி போட்டே சரிசெய்யலாம்.

இந்த நாட்டில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காசநோய்க்கோ அதன் தடுப்புக்கோ கொடுக்கும் ஐசோனியாசிட், பி6 சத்தைக் குறைத்து நரம்பைக் கெடுக்கும். அதனால்தான் கூடவே பைரிடாக்சின் என்ற பி6 மாத்திரை தருகிறார்கள். அது சின்ன மாத்திரைதானே என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மற்றது எச்ஐவி சோதனை. கால் நரம்புக் கோளாறுக்குக் காரணம் தேடும்போது தென்னாப்பிரிக்காவில் எந்த மருத்துவரும் இதைக் கேட்பார். "என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டாங்களே" என்று மனம் நொந்துகொண்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். எல்லோரிடமும் கேட்பதுதான், சரி என்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

கை மரப்பு: இங்கேதான் குழப்பம் அதிகம்

டர்பனில் துணி ஆலைகளில் தையல் மெஷினோடு வாழ்நாளைக் கழித்த பெண்கள் நிறைய. பலருக்கு ஒரே புகார்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்துவிடுவார்கள், உதறினால் சரியாகும். கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரைக்கும் மரக்கும், சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கட்டில் மீடியன் என்ற நரம்பு போகும் குறுகலான வழியில் அது நசுங்குவதுதான் காரணம், கார்ப்பல் டனல் என்பார்கள். ஆனால் கழுத்தில் ஆறாவது, ஏழாவது நரம்பு வேர் நசுங்கினாலும் கிட்டத்தட்ட இதே விரல்கள்தான் மரக்கும். மருத்துவர் கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதுவது அதனால்தான்.

எம்ஆர்ஐயின் சிக்கல், அது தேவைக்கு மேலேயே காட்டுவது. முதுகுவலியே இல்லாதவர்களின் இடுப்புப் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. 20 வயதில் இருப்பவர்களில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுங்கல் இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. கழுத்திலும் கதை இதே மாதிரிதான். ஐம்பத்தைந்து வயது அக்கா ஒருவருக்குக் கழுத்தில் படம் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். ஆனால் அவர் ராத்திரி கையை உதறுவதற்குக் காரணம் அதுதானா என்பதைப் படம் சொல்லாது.

மின்சோதனை அதைச் சொல்லிவிடும். எப்படி என்று ஒரே விரலை வைத்துக் காட்டுகிறேன். மோதிர விரலின் ஒரு பாதிக்கு உணர்வு கொடுப்பது மீடியன் நரம்பு, மறுபாதிக்கு அல்னர் நரம்பு. அந்த விரலில் சின்ன வளையம் போன்ற மின்முனைகளை மாட்டுவோம். மணிக்கட்டுப் பக்கம் 14 செ.மீ. தள்ளி, முதலில் மீடியனைத் தூண்டி, மின் அலை விரலுக்கு வந்துசேரும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு அதே தூரத்தில் அல்னரைத் தூண்டுவோம். ஒரே விரல், ஒரே தூரம், ஒரே சூடு. நல்ல கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துவிடும். மீடியன் அரை மில்லி விநாடிக்கு மேல் பின்தங்கினால் மணிக்கட்டில் அது தடைபடுகிறது என்று பொருள். கழுத்தில் கோளாறு இருந்தால் இப்படி வராது. வேர் நசுங்கும் இடம், உணர்வு நரம்பின் செல்கள் திரண்டிருக்கும் முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் இருக்கிறது. முடிச்சிலிருந்து விரல் வரைக்குமான நரம்பு கெடாததால், கை மரத்திருந்தாலும் விரலில் எடுக்கும் உணர்வலை நன்றாகவே இருக்கும். முதல்முறை கேட்கும்போது விநோதமாகத் தோன்றும், ஆனால் கழுத்தையும் மணிக்கட்டையும் பிரித்துச் சொல்ல எங்களுக்கு உதவுவதே இதுதான்.

வலிக்குமா? மின்சார வேலியைத் தொட்டவர்கள் பயப்படுவார்கள், அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு தூண்டலும் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்குதான். சுள்ளென்று இருக்கும், கை துள்ளும், முடிந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் செய்யலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐக்கு அந்த பேஸ்மேக்கர் எந்த வகை என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

மின்சோதனைக்கும் ஓட்டை உண்டு. லேசான கார்ப்பல் டனலில் எல்லா எண்ணும் சரியாகவே வரலாம். நீண்ட நாள் சுகர் உள்ளவருக்கு எல்லா நரம்பும் கொஞ்சம் மெதுவாக இருப்பதால் மணிக்கட்டுத் தடையைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம். அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர மி.மீ.-க்கு மேல் வீங்கியிருந்தால் சந்தேகம் உறுதியாகும். நீர்க்கட்டி ஏதாவது அழுத்தினாலும் தெரியும். ஷாக் கிடையாது, குழந்தைக்கும் செய்யலாம். ஆனால் நரம்பு எவ்வளவு செத்திருக்கிறது என்று அது அளந்து சொல்லாது, அதோடு பழகிய கை பிடித்தால்தான் சரியாக வரும். ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு மின்சோதனைதான் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு குணமாகாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் இருக்கும்.

ஊசிச் சோதனை

மின்சோதனையின் இரண்டாம் பாகமான இஎம்ஜி தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துச் செய்வது. பலர் பயப்படுவது இதற்குத்தான். ஊசி வழியாக மின்சாரம் எதுவும் போகாது, மருந்தும் போகாது. தசையில் நடப்பதை ஊசி ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். தளர்ந்து கிடக்கும் நல்ல தசை அமைதியாக இருக்கும். நரம்புத் தொடர்பு அறுந்த தசை நாங்கள் ஒலிபெருக்கியில் கேட்கும்போது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி பொட்டுப் பொட்டென்று சத்தம் போடும்.

அந்தச் சத்தம் அடிபட்ட உடனே வராது, வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கார் விபத்தில் தோள் அடிபட்ட நான்காம் நாளே "அவசரம்" என்று போட்டு அனுப்பினால் ஊசி குத்திய வலிதான் மிச்சம். மூன்று வாரம் கழித்து வந்தால் விடை தெளிவாக இருக்கும். கத்தியோ கண்ணாடியோ கிழித்து நரம்பு அறுந்திருந்தால் கதை வேறு, அங்கே எங்களுக்காகக் காத்திருக்காமல் அறுவை மருத்துவர் திறந்து பார்ப்பார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வர வேண்டாம். சொன்னால் போதும், எந்தத் தசையில் குத்தலாம் என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கழுத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ வலி இறங்கி, பாதம் தொங்குகிறது அல்லது கை தூக்க முடியவில்லை என்றால் எம்ஆர்ஐயும் இஎம்ஜியும் இரண்டுமே வேண்டியிருக்கும். எந்த வேர் கெட்டிருக்கிறது என்று இஎம்ஜி சொல்லும், எது அதை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐ சொல்லும். பலவீனம் இல்லாத வெறும் வலிக்கு இஎம்ஜி பெரும்பாலும் வீண் செலவு.

கால் எரிகிறது, ஆனால் ரிப்போர்ட் நார்மல்

எங்கள் கூடத்தில் அதிகமாக மனம் உடைந்து போகிறவர்கள் இவர்கள்தான். ராத்திரி போர்வை பட்டாலே உள்ளங்கால் எரிகிறது, நரம்பு மின்சோதனையில் எல்லாம் சரி. "அப்ப நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்களா?" என்று கேட்பார்கள். இல்லை ஆன்ட்டி. எங்கள் மெஷின் பருமனான நரம்பிழைகளைத்தான் பார்க்கும். சூடு, குளிர், எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதற்குத் தெரியாது. சுகர் தொடங்கும் நிலையிலேயே அவை கெட ஆரம்பிக்கலாம். அதைப் பார்க்க வேண்டுமானால் கணுக்காலுக்கு மேலே 3 மி.மீ. அளவுக்குத் தோல் எடுத்து, அதில் நரம்பிழைகளை எண்ண வேண்டும். மரப்பு ஊசி போட்டுச் செய்வது, தையல் கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் தோலை எடுப்பதைவிட எண்ணத் தெரிந்த ஆய்வகம்தான் முக்கியம், அதனால் எல்லா இடத்திலும் கிடைக்காது. சுகர் இருப்பது ஏற்கெனவே தெரிந்து, இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்தால், இந்தச் சோதனை சிகிச்சையைப் பெரிதாக மாற்றிவிடாது. காரணம் தெரியாத இளம் வயதினருக்குத்தான் நான் இதைச் சொல்வேன்.

தசையே பலவீனமானால்

உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, தலை சீவக் கை தூக்க முடியவில்லை என்றால் சந்தேகம் தசை மேல். இங்கே முதலில் சிகே என்ற ரத்தச் சோதனை. தசை செல்கள் உடைந்தால் அது ரத்தத்தில் ஏறும். ஆனால் ஜிம்முக்குப் போனாலும் ஏறும், கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டினாலும் ஏறும், தைராய்டு குறைந்தாலும் ஏறும், எங்கள் ஊசி குத்தினாலும் கொஞ்சம் ஏறும். ஆகவே சிகேயை ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும், பாரம் தூக்கிய மறுநாள் எடுக்கக் கூடாது. கல்லீரல் சோதனையில் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் தசையிலும் இருப்பவை. அவை ஏறியதால் கல்லீரலுக்கு மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசியில் சிகே பார்த்தால் தசை நோய் என்று தெரிவது நடக்கிற கதைதான். முக்கியமாக, தாமதமாக நடக்கத் தொடங்கிய, அடிக்கடி விழுகிற சின்னப் பையன்களுக்கு.

அப்படிப்பட்ட பையனுக்கு டூஷேன் என்ற பரம்பரைத் தசை நோய் சந்தேகம் என்றால் ரத்தத்திலிருந்தே மரபணுச் சோதனை செய்ய வேண்டும். முன்பெல்லாம் தசையை வெட்டிப் பார்த்தார்கள். இப்போது மரபணுவில் விடை கிடைக்காதபோதுதான் அதற்குப் போகிறார்கள். குழந்தைக்கு ஊசிச் சோதனையும் பெரும்பாலும் வேண்டியதில்லை. தாய்க்கும் பெரியம்மாமார், சித்திமாருக்கும் மரபணுவில் அது இருக்கிறதா என்று பார்க்கவும் இதே வழிதான்.

பெரியவர்களுக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ பலவீனம் கூடிக்கொண்டே வந்தால் தசை பயாப்சிக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் தசை அழற்சி மருந்துக்குக் கேட்கும் நோய். எங்கே வெட்டுவது என்பதில் ஒரு நுணுக்கம். முழுவதும் வற்றிப்போன தசையில் கொழுப்பும் நாரும்தான் கிடைக்கும், நன்றாக இருக்கும் தசையில் ஒன்றும் கிடைக்காது. நடுத்தரமாகப் பலவீனமானது வேண்டும். ஊசி குத்திய தசையிலேயே வெட்டினால் ஊசியின் காயம் நோய் மாதிரி தெரியும். அதனால் இஎம்ஜியை ஒரு பக்கம் செய்துவிட்டு, மறுபக்கத்தில் பயாப்சி எடுப்பது வழக்கம். இரண்டு மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே தேதி கொடுத்திருந்தால் நீங்களாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நரம்பை வெட்டிப் பார்ப்பதும் உண்டு. கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் சூரல் நரம்பிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். பாதத்தின் வெளிப்பக்கம் நிரந்தரமாக மரத்துவிடும். ரத்தக்குழாய் அழற்சி போன்ற சில சந்தேகங்களுக்கு மட்டுமே நான் சரி என்பேன். "எதுக்கும் பாத்துடலாம்" என்று செய்கிற காரியம் அல்ல.

காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை தொங்குகிறது, சாப்பிடும்போது தாடை சோர்கிறது, உருவம் இரண்டாகத் தெரிகிறது என்றால், நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயாக இருக்கலாம். சாதாரண நரம்பு மின்சோதனையில் அது தப்பிவிடும். விநாடிக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் தனிச் சோதனை வேண்டும், கடிதத்தில் அதை எழுதியிருக்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருளும் பார்க்கலாம். உடல் முழுக்கப் பரவியவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்கு அது கிடைக்கும், கண்ணோடு நின்றவர்களில் பாதிப் பேருக்குத்தான். ரத்தத்தில் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

அரசு மருத்துவமனையா, தனியாரா

டர்பனில் அரசு வழி என்றால் பக்கத்துக் கிளினிக், அங்கிருந்து ஆர்.கே. கான் அல்லது ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி போன்ற மருத்துவமனை, அங்கிருந்து கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை. நரம்பியல் பிரிவு அங்கே இருக்கிறது, ஆனால் நேராகப் போய் நிற்க முடியாது. அரசு உதவித்தொகை வாங்கும் முதியவர்களுக்குக் கட்டணம் கிடையாது, மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து. தொல்லை காத்திருப்புதான். மரப்பு மட்டும் இருந்து கையில் பலம் குறையவில்லை என்றால் காத்திருக்கலாம், அதற்குள் ரத்தச் சோதனைகளை முடித்து, ராத்திரி மணிக்கட்டு வளையாமல் பிடிக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கலாம். கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள், கடிதத்தில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தனியாரில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்த அன்றே அவரிடமே மின்சோதனையும் முடிந்துவிடும் என்பது பெரிய வசதி. யோசித்துக்கொண்டே சோதிப்பார், பாதியில் வேறு நரம்பையும் பார்ப்பார். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு எதைத் தரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பல இடங்களில் எம்ஆர்ஐக்கு முன் அனுமதி வேண்டும், நம் பங்காகவும் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். மின்சோதனைக்கான காசு பெரும்பாலும் அந்தத் திட்டத்திலுள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து போகும். போன் செய்யும்போது நோய்க்கான ஐசிடி-10 குறியீட்டையும் சோதனைக்கான கட்டணக் குறியீட்டையும் மருத்துவரிடம் வாங்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். இல்லாவிட்டால் "இட் டிபெண்ட்ஸ்" என்ற பதிலோடு போனை வைக்க வேண்டியதுதான். மருத்துவமனைச் செலவு மட்டும் தரும் திட்டத்தில் இருப்பவர் ஒரு எம்ஆர்ஐக்கு ஆகும் காசைச் சொந்தப் பையிலிருந்து எடுப்பதாக இருந்தால், அதை நரம்பியல் மருத்துவருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. படம் வேண்டுமா என்று அவர் சொல்லிவிடுவார்.

சோதனை நாளில் கை காலில் எண்ணெய், க்ரீம், விக்ஸ் எதுவும் தடவாமல் வாருங்கள், மின்முனை ஒட்டாது. ஜூலை குளிரில் லேடிஸ்மித், நியூகாசில் பக்கமிருந்து அதிகாலையில் கிளம்பி வருகிறவர்கள் கையுறையும் கம்பளிக் காலுறையும் போட்டு வர வேண்டும். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். கையில் விநாடிக்கு 50 மீட்டர் ஓட வேண்டிய நரம்பு, குளிர்ந்த கையில் நோயாளி நரம்பாகத் தெரியும். கை 32 டிகிரிக்கு வரும் வரை நாங்கள் வெந்நீரில் வைத்துச் சூடாக்குவோம், அதற்கு நேரமாகிறது என்று கோபிக்க வேண்டாம். சிகிச்சைக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் கடைசிப் பக்கத்து முடிவை மட்டும் எடுத்துப்போகாமல் எண்கள் உள்ள அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அதில் தோலின் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாவிட்டால் அங்கே மறுபடியும் முதலிலிருந்து ஷாக் வாங்க வேண்டியிருக்கும்.